நான்காவது அடையாளம்

வல்லோர்ப் எல்லைச் சாவடியில் பிடித்த அட்டை வியாழக்கிழமை காலைத் தபாலில் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்து விளக்கடியில் வைத்ததுமே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒதீல் பொவேவுக்குத் தெரிந்துவிட்டது. போர்ச்சுகல் நாட்டு அடையாள அட்டை. பொய் அட்டை என்று அவள் சொல்லவேண்டியதில்லை. வைத்திருந்தவனுக்குப் போர்ச்சுகீசியம் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பதை வைத்தே காவலர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யார் செய்த பொய் என்று சொல்வதற்குத்தான் ஒதீல் இருந்தாள்.

லொசானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கள்ள ஆவணங்களைப் பார்ப்பது அவள் வேலை. அட்டை போலி என்று கோர்ட்டுக்கு ஒரு அறிக்கை எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது பாதி வேலை என்பது அவள் கட்சி. பிடிபட்ட ஒவ்வொன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில், புற ஊதா ஒளியில், லென்சுக்கு அடியில் படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, குடும்பம் பிரிப்பாள். ஜெனீவாவில் ஒரு திருட்டு, சியோனில் ஒரு வாடகை மோசடி, பாசலில் ஒரு போதைப் பொட்டலம் என்று மூன்று ஊர்ப் போலீசும் மூன்று தனி வழக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். மூவர் பையிலும் இருந்த அட்டை ஒரே பட்டறைச் சரக்கு என்பது ஒதீலின் மேசையில்தான் தெரியவரும். ஒரு வரைபடத்தில் அந்தப் புள்ளிகளைக் குத்தி அனுப்பினால், எந்தச் சாலையில் காத்திருக்க வேண்டும் என்று போலீசுக்குத் தெரியும்.

இந்தக் குடும்பத்துக்கு அவள் தையல்காரன் என்று பெயர் வைத்திருந்தாள். அவன் செய்யும் அட்டைகளில் புகைப்படத்தின் ஓரமெல்லாம் ஊசித் தையல் போலப் பொடிப்பொடியாய்ப் புள்ளி இருக்கும். ஆளை யாரும் பார்த்ததில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர.

அன்று காலை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது தையல் இல்லை. சரி, கை தேறிவிட்டது என்று நினைத்தாள். பிறந்த தேதிக்கு மேலே அலைக்கோடுகள் அறுந்து நிற்கும், அவையும் சேர்ந்திருந்தன. விரலால் தடவினால் மேடாக இருக்கவேண்டிய எழுத்துகள் அவன் அட்டையில் தட்டையாக இருக்கும்; இதில் விரலில் நிரடின. லென்சை எடுத்தாள். மையின் மணிகள் அதே பழைய மணிகள். புற ஊதா ஒளியில் மின்னும் பாதுகாப்பு இழைகளின் நிறம் அதே பழைய தப்பு நிறம். அவன்தான், சந்தேகமேயில்லை. ஆனால் மூன்று குறைகளை மட்டும் திருத்தியிருக்கிறான், மற்றதைத் தொடக்கூட இல்லை.

அந்த மூன்றும் அவளே எழுதிய மூன்று.

மாதாமாதம் அவள் ஓர் எச்சரிக்கைத் தாள் தயாரிப்பாள். போலீசுக்கும் எல்லைச் சாவடிக்கும் போவது முழுத் தாள். அதில் லென்சும் விளக்கும் வேண்டிய குறைகள் எல்லாம் இருக்கும். சென்ற வசந்தத்தில் சின்னத் தாள் ஒன்றும் ஆரம்பித்தாள், ஊராட்சி அலுவலகங்களுக்கு. இந்த நாட்டில் வீடு மாறினால் முதல் வேலை ஊராட்சியில் போய்ப் பெயரைப் பதிவது. நாய் வளர்த்தால் அதையும் பதிய வேண்டும். அந்த ஜன்னலில் பொய் அட்டையை நீட்டி ஏமாற்றிவிட்டால், வெளியே வரும்போது கையில் நிஜமான குடியிருப்புப் பத்திரம் இருக்கும். அப்புறம் அவனை எந்த லென்சாலும் பிடிக்க முடியாது. அதனால் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே வெறும் கண்ணால் பார்க்கக் கூடிய மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றாள். மேலதிகாரி முகத்தைச் சுளித்தார். "தாள் எத்தன கைக்குப் போகுதோ அத்தன வாய்க்கும் போகும், ஒதீல்" என்றார். அவள் விடவில்லை. சண்டை போட்டு, முன்னோட்டமாகச் சில ஊர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினாள். வாங்கிய அன்று மாலை தனக்குத் தானே ஒரு கோப்பை வெள்ளை ஒயின்கூட ஊற்றிக்கொண்டாள்.

இப்போது தாள் தையல்காரன் வீட்டு மேசையிலேயே இருக்கிறது. அவன் அதைப் பார்த்துப் பார்த்துப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறான். பாம்புக்குப் பால் வார்ப்பது என்பார்களே, அதை அவள் அரசாங்கச் செலவில் செய்திருக்கிறாள்.

பதற்றத்தில் புத்தி எப்போதும் அவசரமானதைச் செய்யும், சரியானதைச் செய்யாது. ஒதீல் போனை எடுத்து ஊர் ஊராகக் கூப்பிட ஆரம்பித்தாள். தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். ஒரு ஊரில் அலுவலகம் மதியத்துக்குப் பிறகுதான் திறக்குமாம். இன்னொரு ஊரில் தாள் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறதாம், அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னாள். ஷாந்த்ரெலில் ஊராட்சிப் பதிவேடு எழுதும் லுசியன் பித்தே எடுத்தான்.

"மேடம் பொவேயா! வணக்கம், வணக்கம். என்ன, திடீர்னு நம்ம ஞாபகம்?"

"அந்தத் தாள் விஷயமாத்தான். யாருக்காவது காட்டினீங்களா, பித்தே சார்?"

"ஐயோ, நானா? பூட்டின அலமாரிக்குள்ள இருக்கு. சாவி என் கழுத்துல. என் பெண்டாட்டிகூட அந்தச் சாவியப் பாத்ததில்ல. ஏன், ஏதாவது ஆயிடுச்சா?"

"புதுசா ஒரு கார்டு வந்திருக்கு. நாம சொன்ன குறையெல்லாம் திருத்தியிருக்காங்க."

"அடப் பாவமே, எங்கயோ கசிஞ்சிருக்கே" என்றான். "நீங்க கண்டுபிடிச்சிருவீங்க மேடம். உங்களால முடியாததா?"

நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள். மற்ற ஊர்க்காரர்கள் தாளை வாங்கி ஓரமாய்ப் போட்டபோது, கோடையில் கூப்பிட்டு அக்கறையாய்ச் சந்தேகம் கேட்டவன் அவன் ஒருவன்தான். "மேடம், ஒரு கார்ட சாய்ச்சுப் பாத்தா பின்பக்க மூலையில எண்ணெய் பட்ட மாதிரி மினுங்குது, அதுவும் கணக்குல சேருமா?" என்று கேட்டான். சேரும், அது தையல்காரன் மேலே ஒட்டும் பிளாஸ்டிக்கின் குற்றம், நான் இன்னும் எந்தத் தாளிலும் எழுதவில்லை, உங்கள் கண்ணே கண் என்று பாராட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அது நினைவுக்கு வந்ததும் கை தானாக அட்டையைத் திருப்பியது. மூலையை விளக்குக்குச் சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். மினுமினுப்பு இல்லை.

நான்காவது அடையாளம் எந்தத் தாளிலும் இல்லை. உலகத்தில் அவள் அதைச் சொன்னது ஒரே ஒரு காதில். அந்தக் காதிடம்தான் இப்போது, கண்டுபிடித்துவிட்டேன் என்று தானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அதற்கடுத்த நினைப்பு வந்தபோது ஒதீல் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜுசாரா ஷாந்த்ரெலில் இருக்கிறாள்.

தையல்காரனைப் பார்த்த அந்த ஒரே ஒருத்தி ஜுசாரா. பிரேசிலிலிருந்து வந்தவள், வீடு பெருக்கித் துடைத்துப் பிழைப்பவள். துடைத்த வீடுகளில் ஒன்று அவனுடைய அப்போதைய பட்டறை. கூலிக்குப் பதிலாக ஓர் அட்டை கொடுத்தான், அந்த அட்டையோடு செப்டம்பரில் பிடிபட்டாள். இன்ஸ்பெக்டர் சில்வான் மோத்தியே விசாரித்தபோது ஒதீலும் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன்னைத் தண்டிப்பது எங்கள் நோக்கமில்லை, இதைச் செய்த கை எது என்று தெரிந்தால் போதும் என்று, அதே குடும்பத்து அட்டைகளை வரிசையாகப் பரப்பிக் காட்டினாள். ஜுசாரா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசச் சம்மதித்தாள். அவளுக்கு முன்னால் பேசுவதாகச் சொன்ன ஒருவன் ரோன் ஆற்றங்கரையில் மண்டை உடைந்து கிடந்தான், இன்றைக்கும் அவனுக்குத் தன் பெயர் தெரியாது. அதனால் மோத்தியே அவளை ஷாந்த்ரெலுக்குக் குடிவைத்து, முகவரியை வெளியார் பார்க்காதபடி பதிவேட்டில் மறைத்துவைத்தார். வெளியாருக்குத்தான் மறைவு. பதிவேட்டை எழுதுகிறவனுக்கு ஏது மறைவு? வேலியே பயிரை மேயும் ஊரில், பயிர் இருக்கும் இடம் வேலிக்குத் தெரியாதா?

மோத்தியேவைக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவைதான் எடுத்தார்.

"சொல்லு ஒதீல். கூட்டத்துல இருக்கேன், பேர்ன்ல."

சொன்னாள். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. மோத்தியே குறுக்கிடாமல் கேட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"பித்தேகிட்ட நீயே போன் பண்ணிக் கேட்டியா?"

"ஆமா."

"நல்லா இருக்கு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அவ போன் எடுக்க மாட்டா, தெரியாத நம்பர் எதையும் எடுக்காதன்னு நான்தான் மிரட்டி வெச்சிருக்கேன். நான் கூப்பிட்டுப் பாக்குறேன். பக்கத்துல யாரு டியூட்டில இருக்காங்கன்னு பாத்து அனுப்புறேன். நானும் கெளம்புறேன், வர்றதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்."

"நான் போறேன். எனக்குப் பத்து நிமிஷம்."

"இந்தா பாரு, நீ ஆய்வுக்கூடத்து ஆளு. உன்கிட்ட துப்பாக்கியா இருக்கு? பூதக்கண்ணாடி இருக்கு. அத வெச்சு என்ன பண்ணுவ, அவன எரிச்சிருவியா?"

"வீடு எதுன்னு சொல்லு, சில்வான்."

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு வீட்டைச் சொன்னார்.

ஏரி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஒதீல் கோட்டைக்கூடப் பொத்தானிடாமல் ஓட்டினாள். ஷாந்த்ரெலுக்குள் நுழையும் இடத்தில், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் பொடிசுகள் கழுத்தில் மஞ்சள் முக்கோணப் பட்டையோடு சாலையோரம் நின்றிருந்தன. நிறுத்தினாள். ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி, சக்கரம் முழுதாக நிற்கும்வரை ஒரு குழந்தையும் காலை எடுத்து வைக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக, ஓட்டுநருக்குக் கையசைத்து நன்றி சொல்லிக்கொண்டு, ஊர்வலம் போயிற்று. ஒதீல் பல்லைக் கடித்துக்கொண்டு பதிலுக்குக் கையசைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் குழந்தைகள் மேல் கோபம் வந்தது.

நான்கு மாடிக் கட்டடம். வாசலில் அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க, ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது. மறைத்துவைத்த லட்சணம் இதுதான். இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டியது. யாரோ துணிக்கூடையைத் தூக்கிப் போவதற்காக வாசல் கதவை மரக்கட்டை வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள். ஒதீல் படியேறினாள். மூன்றாவது மாடி, வலது பக்கம். தட்டினாள்.

உள்ளே ஏதோ நகர்ந்தது. கதவிலிருந்த துளை இருண்டது.

"ஜுசாரா, நான் ஒதீல் பொவே. மோத்தியே சார்கூட அன்னிக்கு உக்காந்திருந்தேனே, கார்டெல்லாம் காட்டினேனே. நீ உடனே என்கூடக் கெளம்பணும்."

ஒதீல் தன் அலுவலக அட்டையை எடுத்துத் துளைக்கு நேரே பிடித்தாள்.

"கார்டா?" உள்ளேயிருந்து வந்த குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "கார்டு காட்டாதீங்க, மேடம். அந்த வீட்ட நான் கூட்டிப் பெருக்கியிருக்கேன். மேசை பூரா கார்டு காயும், பிஸ்கட்டு ஆற வெச்ச மாதிரி. போலீஸ் கார்டும் பாத்திருக்கேன், டாக்டர் கார்டும் பாத்திருக்கேன். உங்க மூஞ்சி அந்த மேடம் மாதிரிதான் இருக்கு. இந்த ஓட்டைல பாத்தா எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"என் குரல் ஞாபகம் இல்லியா?"

"பயந்த குரலெல்லாம் ஒண்ணுதான்."

கீழே வாசல் கதவு இடித்துச் சாத்தப்பட்ட சத்தம் வந்தது. யாரோ மரக்கட்டையை எடுத்துவிட்டார்கள். இரண்டு ஜோடிக் காலடிகள் அவசரமில்லாமல் மேலே வந்தன.

இருவர். முன்னால் வந்தவன் உயரம், நன்றாகத் தேய்த்த கோட்டு, நரைத்த மீசை. ஏதோ வங்கிக் கிளையின் மேலாளர் என்று சொல்லலாம். பின்னால் வந்தவன் இளையவன், பபுள்கம் மென்றுகொண்டிருந்தான்.

"போலீஸ்" என்றான் உயரமானவன், மிக மரியாதையாக. "மேடம் பொவே நீங்கதானே? மோத்தியே அனுப்பினாரு. நாங்க பாத்துக்கறோம், நீங்க கெளம்பலாம்."

உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அப்பாடா என்று சொல்லவே வாயைத் திறந்தாள். அனுப்புகிறேன் என்றார் மோத்தியே, அனுப்பிவிட்டார். என் பெயரும் தெரிந்திருக்கிறது, மோத்தியே பெயரும் தெரிந்திருக்கிறது. பிறகு, இரண்டு பெயரும் பித்தேவுக்கும் தெரியுமே என்று மனதின் ஒரு மூலை சொல்லிற்று. முகவரியை மறைக்கச் சொன்ன கடிதத்தில் கையெழுத்திட்டதே மோத்தியேதான்.

"உங்க கார்ட கொஞ்சம் பாக்கலாமா?"

"தாராளமா." தன் அட்டையையும் இளையவனுடையதையும் சேர்த்து நீட்டினான்.

ஒதீல் படிக்கட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். புகைப்பட ஓரத்தைப் பார்த்தாள், தையல் இல்லை. கோடுகள் அறுபடவில்லை. எழுத்துகள் விரலில் நிரடின. பின்மூலையைச் சாய்த்தாள், மினுங்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் சிக்கல். நிஜ அட்டையும் இப்படித்தான் இருக்கும். தையல்காரனின் புது அட்டையும் இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் லென்சுக்கு அடியில் தெரியும். லென்ஸ் லொசானில் மேசைமேல் கிடக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய அத்தனையையும் அவள் தன் கையால் எழுதி, தன் வாயால் சொல்லி, கொடுத்துத் தீர்த்துவிட்டாள். இப்போது அவளுக்கு இருப்பது வெறும் கண் மட்டும்.

மோத்தியேவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை, வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார் என்றது இயந்திரக் குரல்.

"நிபுணரே பாத்துட்டாங்க" என்றான் உயரமானவன், கதவைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக. "மேடம், நீங்களே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. கார்டு சரியா இருக்குன்னு ஒரு வார்த்த. எங்களவிட உங்க பேச்சுக்குத்தானே மதிப்பு."

துளை இருண்டே இருந்தது. ஜுசாரா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட ஒதீலுக்கு எவ்வளவு ஆசை! சொன்னால் இந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கிவிடலாம். நிஜப் போலீசாக இருந்து, அவள் வழிமறித்ததால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால்? பொய்ப் போலீசாக இருந்து, அவள் சொல்லைக் கேட்டுக் கதவு திறந்தால்? இருபது வருஷமாக ஆவணத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவளுக்கு இன்று இரண்டும் வரவில்லை. இளையவன் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"எனக்குத் தெரியல" என்றாள் ஒதீல்.

"என்ன மேடம்?"

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். குரல் கிறீச்சென்று வந்தது. "ஜுசாரா, திறக்காத! கார்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா இவங்க போலீசா இல்லையான்னு எனக்குத் தெரியல. என்னையும் நீ நம்ப வேணாம். யாரு வந்தாலும் திறக்காத!"

உயரமானவன் முகத்திலிருந்த மரியாதை, விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது. "கார்டக் குடு" என்றான். ஒதீல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். இளையவன் கதவைப் பூட்டுக்கு அருகில் காலால் உதைத்தான், ஒரு தடவை, இன்னொரு தடவை. கட்டடம் முழுக்க எதிரொலித்தது.

கீழ்த்தளத்தில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"யாருய்யா அது? யாரு?" மதாம் ஷெவலே என்ற அந்தக் கிழவியை ஒதீல் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டுச் செருப்பும் ஏப்ரனும் கையில் சூப் கரண்டியுமாகப் படியேறி வந்தாள். "மணி என்னன்னு பாத்தீங்களா? பன்னெண்டு மணியிலேருந்து ஒரு மணிவரைக்கும் சத்தம் போடக் கூடாதுன்னு வாசல்ல சட்டம் போட்டு ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா? ஆணி அடிக்கக் கூடாது, பியானோ வாசிக்கக் கூடாது. நீங்க கதவையே ஒடைக்கிறீங்க!"

"போலீஸ் வேலை, உள்ள போங்க."

"போலீசுன்னா மட்டும் சாப்பாட்டு நேரம் கெடையாதா? எங்க, பேர் சொல்லு. எழுதிப் போடறேன். இந்த வீட்ட நிர்வாகம் பண்றவனுக்கும் எழுதுவேன், உன் அதிகாரிக்கும் எழுதுவேன். எனக்கு வேற வேல இல்ல!" அவளுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது, எதிர்க் கதவும் திறந்தது. ஊமையாகக் கிடந்த கட்டடத்தில் இத்தனை பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் நாப்கினோடு வந்து நின்று, இன்று பொது இயந்திரத்தில் துணி துவைக்கும் முறை யாருடையது, வாசலில் இருந்த கட்டையை எடுத்தது யார் என்று வேறு கேட்டான்.

உயரமானவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒதீலின் மணிக்கட்டை விட்டான். "வண்டியிலேருந்து பேசிட்டு வர்றோம்" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். இளையவன் பபுள்கம்மை ஜன்னல் விளிம்பில் ஒட்டிவிட்டுப் பின்னாலேயே போனான்.

"பாருங்க, பாருங்க, எங்க ஒட்டிட்டுப் போறான்னு பாருங்க!" என்றாள் மதாம் ஷெவலே. மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சூப் ஆறிவிடும் அல்லவா? நாலு பேர் கண்ணில் பட்டதால்தான் ஓர் உயிர் தப்பியது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஒதீல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு அட்டைகளும் கையில்தான் இருந்தன. போலீஸ் என்றால் அட்டையை விட்டுவிட்டுப் போவார்களா என்று நினைத்தாள். கூட்டம் சேர்ந்ததால் போயிருக்கலாம் என்றும் நினைத்தாள். நிஜப் போலீசாக இருந்தால் நாளைக்கே தன் வேலை போய்விடும், அப்படிப் போனால் நல்லது, கடவுளே, அப்படியே போகட்டும் என்று நினைத்தாள். கீழே ஒரு வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

போன் அடித்தது. மோத்தியே.

"ஒதீல், மன்னிச்சுக்கோ, அவ போன் அணைச்சுக் கெடக்கு, இப்பத்தான் ஆளு கெடச்சுது. நெடுஞ்சாலைல ஒரு விபத்து, எல்லாரும் அங்க மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு பேர் கெளம்பிட்டாங்க, யூனிஃபார்ம்ல. ரெண்டும் பொண்ணுங்க."

"பொண்ணுங்களா?"

"ஆமா. ஏன்?"

"அதுக்கு முன்னால யாரையும் நீ அனுப்பலியா, சில்வான்?"

"யாரு இருந்தா அனுப்புறதுக்கு? ஏன், என்ன ஆச்சு? ஒதீல்?"

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். உயரமானவன் பிடித்திருந்த மணிக்கட்டு இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. இவ்வளவு நேரம் இருந்தது சந்தேகம். பிறகு வந்ததுதான் பயம். சொல்லியிருந்தால்? ஒரே ஒரு வார்த்தை, சரியாக இருக்கிறது என்று, சொல்லத்தானே வாய் திறந்தாள்?

பின்னால் சங்கிலி நகரும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. ஜுசாரா வலது கையில் காய் நறுக்கும் கத்தியைப் பிடித்திருந்தாள்.

"உள்ள வாங்க, தோனா ஒதீல்." தன் ஊர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதை வைத்துக் கூப்பிட்டாள். "சீக்கிரம்."

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க ஆளா இருந்தா, கார்டு சரியா இருக்கு, திறன்னு சொல்லியிருப்பீங்க." அவள் எட்டிப் படிக்கட்டைப் பார்த்தாள். "இங்க வந்ததுலேருந்து தெரியலன்னு சொன்ன ஆள நான் பாத்ததே இல்ல."

உள்ளே போய்ச் சங்கிலியை மாட்டினார்கள். மேசையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். சமையலறையில் கறுப்பு அவரை அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது, இருவருக்கும் அணைக்கத் தோன்றவில்லை. தரையில் தோளோடு தோள் உட்கார்ந்து வாசல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. "போலீஸ்! மேடம் பொவே, உள்ள இருக்கீங்களா?" ஒரு பெண் குரல்.

ஒதீல் மேசைக்கு மேலாக எக்கித் துளையில் பார்த்தாள். யூனிஃபார்மில் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு மூக்கின்மேல் வியர்வை. இருவரும் அடையாள அட்டையைத் துளைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்கள். ஜுசாரா ஒதீலின் முகத்தைப் பார்த்தாள், கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை.

அவர்கள் காட்டிய அட்டைகளை ஒதீல் பார்க்கவேயில்லை. "மோத்தியே வரட்டும்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பித் தரையில் உட்கார்ந்தாள். வெளியே அவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள், மதாம் ஷெவலே மறுபடியும் வந்து இரைந்துவிட்டுப் போனாள். மோத்தியே பேர்னிலிருந்து மூச்சிரைக்க வந்து, கதவுக்கு வெளியே நின்று தன் சொந்தக் குரலில் அவளைக் கெட்ட வார்த்தையால் திட்ட ஆரம்பித்த பிறகுதான் மேசை நகர்ந்தது.